குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு முகம்: எய்லா ஹில்டுனெனும் சிபேலியஸ் நினைவுச்சின்னமும்

ஹெல்சிங்கியின் டோலோ பகுதியில், கடலை ஒட்டிய பூங்கா ஒன்றில் 1967 செப்டம்பர் 7 அன்று ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இசையமைப்பாளர் ஜான் சிபேலியஸுக்கான சின்னம் அது. அங்கே போனால் இரண்டு பொருள்கள் கண்ணில் படும். பாறைக்கு மேலே அலைபோல் எழும்பி நிற்கும் 600க்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்களின் கூட்டம் ஒன்று. சற்றுத் தள்ளி, பாறைமேல் தனியாக இருக்கும் சிபேலியஸின் முகம் இன்னொன்று. இரண்டையும் செய்தவர் எய்லா ஹில்டுனென் என்ற சிற்பி. ஆனால் போட்டிக்கு அவர் முதலில் அனுப்பிய வடிவத்தில் முகம் கிடையாது. நாடே கூடி நடத்திய ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு சேர்ந்தது அது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'அரூபக் கலைஞர் (ஆள், பொருள் எதையும் அப்படியே காட்டாத கலை செய்பவர்) பொதுமக்களிடம் பணிந்துபோனார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்தை அவர் எந்த இடத்தில் வைத்தார் என்பதைக் கவனித்தால் வேறு ஒரு கணக்கு தெரிகிறது. அதைப் பார்க்க, முதலில் அந்தச் சண்டை ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும்.

வெண்கல மனிதர்களின் ஊர்

சிபேலியஸ் 1865 டிசம்பர் 8 அன்று ஹமீன்லின்னாவில் பிறந்தவர். 'பின்லாந்தியா' 1899இல் வந்தபோது பின்லாந்து இன்னும் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அந்த இசையை ஒரு நாட்டின் குரலாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1915இல் அவருடைய 50ஆம் பிறந்தநாள் கிட்டத்தட்ட ஒரு தேசிய விழா. ஐந்தாம் சிம்பொனி அன்றைக்குத்தான் முதன்முதலாக அரங்கேறியது. 1926இல் 'தாப்பியோலா' எழுதிய பிறகு பெரிய படைப்பு எதுவும் அவரிடமிருந்து வெளிவரவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டு மௌனம். எட்டாவது சிம்பொனிக்காக உலகம் காத்திருந்தது. அவரோ 1940களில் ஐனோலா வீட்டில் கையெழுத்துப் பிரதிகளை அடுப்பில் போட்டு எரித்தார். 1957 செப்டம்பர் 20 அன்று அதே வீட்டில், 91 வயதில் இறந்தார்.

இப்படிப்பட்ட ஒருவருக்குச் சின்னம் வைக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் அதில் உரிமை உண்டு என்று ஆகிவிடுகிறது. ஹெல்சிங்கியில் அந்தக் காலத்தில் நடந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1959இல் முதல் குடியரசுத் தலைவர் ஸ்டோல்பெரியின் சிலை நாடாளுமன்றத்தின் அருகே வந்தது. 1960 ஜூன் 4 அன்று, போர்க்காலப் படைத்தளபதியும் பின்னர் குடியரசுத் தலைவருமான மன்னர்ஹெய்ம், குதிரைமேல் அமர்ந்தபடி, ஐமோ துக்கியாய்னென் செய்த வெண்கலத்தில் வந்து நின்றார். 1961இல் இன்னொரு குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃபுத். 1962இல் மற்றொரு குடியரசுத் தலைவர் கல்லியோ, அந்தச் சிலையைச் செய்தவர் அவருடைய சொந்த மகன் காலெர்வோ கல்லியோ. ஸ்டோல்பெரி, ஸ்வின்ஹுஃபுத் இரண்டும் வைனோ ஆல்டோனெனின் கைவேலை. ஓடும் ஓட்டப்பந்தய வீரர் பாவோ நூர்மியையும், தேசிய நாடக அரங்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் அலெக்சிஸ் கிவியையும் வடித்த அதே ஆல்டோனென். நான்கே ஆண்டுகளில் தலைநகரின் மையத்தில் நான்கு பெரிய மனிதர்கள், நான்கு பேருக்கும் முகம், கை, கால், உடுப்பு எல்லாம் ஒழுங்காக. சிபேலியஸும் இந்த வரிசையில்தான் வந்து சேருவார் என்று பொதுமக்கள் எதிர்பார்த்ததில் என்ன வியப்பு?

சின்னத்துக்கான பூங்காகூடத் தயாராக இருந்தது. 1945இல், சிபேலியஸின் 80ஆம் பிறந்தநாளை ஒட்டி, அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் சூட்டப்பட்ட பூங்கா. அதில் ஆர்ரே ஆல்டோனென் 1946இல் செய்த இன்னொரு சிற்பமும் இருக்கிறது: 'கலேவலா' காவியத்தின் தொடக்கத்தில் வரும் நீரன்னை இல்மத்தாரும், அவள்மேல் வந்து இறங்கும் நீர்ப்பறவையும். தேசியக் காவியம், தேசிய இசை, இரண்டும் ஒரே பூங்காவில். அங்கே வைக்கப்படும் எதுவும் சும்மா ஒரு கலைப்பொருளாகப் பார்க்கப்படப் போவதில்லை.

போட்டிக்கு வந்தவர்

எய்லா ஹில்டுனென் 1922 நவம்பர் 22 அன்று சோர்த்தவாலாவில் பிறந்தார். லடோகா ஏரியின் வடகரையில் உள்ள ஊர் அது. இரண்டாம் உலகப்போரில் கரேலியாவை சோவியத் யூனியனிடம் பின்லாந்து இழந்தபோது அந்த ஊரும் போயிற்று. கரேலியாவிலிருந்து 4 லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். ஹில்டுனென் ஹெல்சிங்கியில் நுண்கலைப் பள்ளியில் படித்தது 1942 முதல் 1946 வரை, அதாவது பாதி போரிலும் பாதி அதன் சாம்பலிலும். படிக்கும்போதே புகைப்படக் கலைஞர் ஓட்சோ பியெத்தினெனைத் திருமணம் செய்துகொண்டார்.

போர் முடிந்த நாட்டில் சிற்பிகளுக்கு என்ன வேலை கிடைத்திருக்கும்? ஊர் ஊராகப் போர்வீரர் நினைவுச்சின்னம், பிரமுகர்களின் மார்பளவுச் சிலை. ஹில்டுனெனும் அதைத்தான் செய்தார்: கிரானைட், பளிங்கு, வெண்கலம். உருவச் சிற்பத்தில் அவர் தேர்ந்தவர். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அரூபக் கலை என்றாலே 'இவர்களுக்கு ஒழுங்காக மூக்கு வைக்கத் தெரியாது, அதனால் இப்படிச் செய்கிறார்கள்' என்று ஒரு பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. ஹில்டுனெனிடம் அந்தப் பேச்சு எடுபடாது. முகம் செய்து பிழைத்தவர் அவர்.

1950களின் கடைசியில் அவர் வெல்டிங் பக்கம் திரும்பினார். ஒரு சிற்பிக்கு இது சின்ன மாற்றம் இல்லை. கல்லைச் செதுக்குபவர் தேவையில்லாததை அகற்றிக்கொண்டே போகிறார். வெண்கலம் வார்ப்பவர் களிமண்ணில் செய்ததை வார்ப்புப் பட்டறையிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். வெல்டிங்கில் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், உள்ளே வெற்றிடம் விடலாம், மெலிதான ஒன்றை அந்தரத்தில் நிறுத்தலாம். நடுவில் இன்னொரு பட்டறை கிடையாது. கடைசி வடிவம் வரை சிற்பியின் கையிலேயே இருக்கும். அந்தத் தலைமுறை பின்லாந்துப் பெண் சிற்பிகளிடம் உலோகத்தோடு இப்படி மல்லுக்கட்டும் ஒரு துணிச்சல் இருந்தது. லைலா புல்லினென் வெடிமருந்தையே கருவியாக்கி உலோகத்தகட்டை வெடித்து வளைத்தவர். அவரும் இழந்த கரேலியாவில், தெரியோக்கியில் பிறந்தவர் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

சண்டை

சிபேலியஸ் இறந்ததும் அமைந்த சிபேலியஸ் சங்கம் சின்னத்துக்காகப் போட்டி வைத்தது. இரண்டு சுற்றுகள். முதல் சுற்றில் சுமார் 50 சிற்பிகள் கலந்துகொண்டார்கள். 1960களின் தொடக்கம் அது. 1961இல் ஹெல்சிங்கியின் அத்தேனெயும் கலைக்கூடத்தில் 'ஆர்ஸ் 61' என்ற கண்காட்சி நடந்து, ஐரோப்பாவின் அரூபக் கலையைப் பின்லாந்து மக்கள் பெரிய அளவில் நேரில் பார்த்திருந்த நேரம். கலைஞர்கள் அதில் சொக்கிப்போயிருந்தார்கள். பொதுமக்கள் எல்லோரும் அப்படி இல்லை.

அதே 1961இல் ஓரிவெசி என்ற ஊரில் இன்னொரு தகராறு. கைய்யா, ஹெய்க்கி சிரென் தம்பதி வடிவமைத்த புதிய தேவாலயத்தில் பலிபீடத்துக்காகக் காயின் தாப்பர் 'கொல்கொதாவின் பாறை' (கொல்கொதா, இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடம்) என்ற மரச்சிற்பத்தைச் செய்து வைத்தார். வழக்கமான சிலுவைக் காட்சியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது கரடுமுரடான மரம். நாடு முழுக்க அது பேச்சானது. ஆக, ஹில்டுனெனின் குழாய்கள் வந்தபோது களம் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

நடுவர்கள் ஹில்டுனெனைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னதாக நினைக்கக் கூடாது. மூன்று வேறு வேறு குறைகள் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன.

முதல் குறை நேரடியானது: இதில் சிபேலியஸ் எங்கே? இரண்டாவது கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களின் குறை. இது தேவாலய ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம்) மாதிரி இருக்கிறது, சிபேலியஸ் ஆர்கனுக்கு எழுதியது மிகக் குறைவு என்றார்கள். அது உண்மைதான். 1931இல் தன் ஓவிய நண்பர் அக்செலி கல்லென்-கல்லெலாவின் இறுதிச் சடங்குக்காக எழுதிய இரங்கல் இசையைப் போல ஒரு சில துண்டுகள்தாம் உண்டு. வாழ்நாள் முழுக்க இசைக்குழுவுக்கு எழுதியவருக்கு ஆர்கன் குழாயா என்ற கேள்வி அர்த்தமுள்ளதுதான். மூன்றாவது குறை வெளியே சொல்லப்பட்டதைவிட உள்ளே இருந்தது அதிகம் என்று நினைக்கிறேன்: அரூபம் என்பது வெளிநாட்டுச் சரக்கு, நம்முடைய ஆளை அதில் பொட்டலம் கட்டாதே.

இதில் இரண்டாவது குறைக்குத்தான் நான் அதிகம் மதிப்புக் கொடுப்பேன், ஆனால் அதுவும் சிற்பத்தைச் சரியாகப் பார்க்காத குறை. ஆர்கனில் குழாய்கள் நெட்டுக்குத்தாக, அளவு வாரியாக, வரிசை பிசகாமல் நிற்கும். ஒவ்வொரு குழாயும் ஒரு சுரத்துக்குக் கட்டுப்பட்டது. ஹில்டுனெனின் குழாய்களோ கொத்துக் கொத்தாக, நீளமும் குட்டையுமாக, கீழ் முனைகள் அங்கங்கே அறுபட்டு அந்தரத்தில் தொங்குகின்றன. மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்புகிறது. பார்ப்பவர்கள் பிர்ச் மரக்காடு என்கிறார்கள், வடதுருவ ஒளி என்கிறார்கள், உறைந்த அருவி என்கிறார்கள். ஹில்டுனென் ஒரு வாத்தியத்தின் படத்தை வரைய வரவில்லை. சிபேலியஸ் இசையின் சாரத்தைப் பிடிக்கப் பார்த்தார். சிபேலியஸின் பிற்கால இசை எப்படி வளர்கிறது என்று கேட்டுப் பாருங்கள், குறிப்பாக 1924இன் ஏழாம் சிம்பொனி. தனித்தனிப் பகுதிகளாக உடையாமல், சின்னச் சின்ன உருக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மூச்சில் திரண்டு எழும் இசை அது. நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள் சேர்ந்து ஒரே அலையாவது அதற்குப் பொருந்துகிறது. இது என் வாசிப்பு. ஹில்டுனென் இப்படித்தான் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை.

எங்கே வைப்பது?

சண்டையின் முடிவில் ஹில்டுனென் சிபேலியஸின் முகத்தைச் சேர்த்தார். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அவருக்கு முன்னால் சில வழிகள் இருந்திருக்கும். குழாய்களுக்கு நடுவே முகத்தைப் பதிக்கலாம். குழாய்களின் அடியில் ஒரு முழு உருவச் சிலையை நிறுத்தி, குழாய்களைப் பின்புலமாக்கலாம். போட்டியையே விட்டு விலகலாம். இதில் முதல் இரண்டும் சிற்பத்தைக் கொன்றிருக்கும். ஒரு முகம் இருக்கும் இடத்தில் கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். மற்றதெல்லாம் அலங்காரம் ஆகிவிடும். 600 குழாய்கள் ஒரு கிழவருக்குத் திரைச்சீலை ஆகியிருக்கும்.

அவர் முகத்தைத் தனியாக, குழாய்களுக்கு வெளியே, பாறைமேல் வைத்தார். உடல் இல்லை, பீடம் இல்லை. மேகம் போன்ற உலோக வடிவங்களுக்கு நடுவே முகம் மட்டும். நாடாளுமன்றப் பக்கம் நிற்கும் வெண்கல மனிதர்களின் மேலங்கியும் கம்பீரமும் இங்கே வரவில்லை. முக்கியமாக, குழாய்களில் அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முகத்தை நாளைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் அந்த அலை அப்படியே நிற்கும். கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்தது; சிற்பத்துக்கும் சேதமில்லை.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். முகம் இருக்கும் மூலை எனக்கு எப்போதும் கொஞ்சம் அடிக்குறிப்பு மாதிரியே தெரிகிறது. படங்களைப் பார்த்தால் கூட்டம் அங்கேதான் நின்று செல்ஃபி எடுக்கிறது. அதுவும் ஒரு பயன்பாடுதான், சரி. ஆனால் தனிமுகமாகப் பார்த்தால், ஹில்டுனென் என்ற உருவச் சிற்பியின் திறமைக்குக்கூட அது சிறந்த சான்று என்று எனக்குத் தோன்றவில்லை. குழாய்களின் பக்கத்தில் அது நாடகத்தனமாக இருக்கிறது.

24 டன்

இப்போது வேலைக்கு வருவோம். இந்தச் சர்ச்சையில் கலை விமர்சகர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் பகுதி இது. எனக்கு இதுதான் நடுப்பகுதி.

சிற்பத்தின் எடை 24 டன். உயரம் 8.5 மீட்டர், நீளம் 10.5 மீட்டர், அகலம் 6.5 மீட்டர். 24 டன்னை 600ஆல் வகுத்தால், தாங்குகட்டையும் சேர்த்து, ஒரு குழாய்க்கு 40 கிலோ வரும். ஒரே அச்சில் செய்து அடுக்கிய குழாய்கள் அல்ல இவை. ஒவ்வொன்றின் மேற்பரப்பும் வேறு மாதிரி: சில இடங்களில் வழவழப்பு, சில இடங்களில் வெல்டிங் தழும்புகளே கோலமாக ஓடுகின்றன, சில குழாய்களில் கிழிசல்போல் துளைகள். அடியில் போய் அண்ணாந்து பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். தூரத்துப் படத்தில் தெரியும் ஒழுங்கு கிட்டத்தில் கலைந்துபோகும்.

பொருள் அமிலத்தைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் சமையலறை எவர்சில்வர் பாத்திரத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் குரோமியம் இருப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. உப்பு அந்தப் படலத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைக்கும். அதைத் தாங்குவதற்காக இந்த வகை எஃகில் மாலிப்டினமும் சேர்க்கிறார்கள். பூங்காவை அடுத்துக் கடல், போதாததற்கு வடநாட்டுக் குளிர்காலம். சாதாரண எஃகு என்றால் சில வருடங்களில் செந்நிறமாகிவிடும்.

ஆனால் இந்த எஃகை வெல்டிங் செய்வது தலைவலி. சாதாரண எஃகைவிட இது சூட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மிகக் குறைவு. வெப்பம் பற்றவைத்த இடத்திலேயே தேங்கி நிற்க, தகடு முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கோணும். நூற்றுக்கணக்கான குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் தன் எடையைத் தானே தாங்கும்படி செய்வது எந்தப் பட்டறைக்கும் சோதனைதான்.

ஹில்டுனென் இதை ஒரு தொழிற்சாலையிடம் வரைபடமாகக் கொடுத்துவிடவில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு தானே பற்றவைத்தார், உதவிக்கு ஓர் உலோகத் தொழிலாளியோடு. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. அந்த வேலைக்கு அவருடைய சுவாசம் விலை கொடுத்தது: புகை அவருடைய மூச்சுக்குழாய்களைப் பாதித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றவைக்கும்போது எழும் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவமும் நிக்கலும் உண்டு. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்தது 2017இல்தான். 1960களில் ஒரு சிற்பியின் கொட்டகையில் புகை உறிஞ்சும் ஏற்பாடெல்லாம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

நடுவர்களின் தீர்ப்பையும் பத்திரிகைக் கடிதங்களையும் மட்டும் வைத்து இந்தச் சர்ச்சையைப் பேசும்போது இது விடுபட்டுப்போகிறது. 'ஏதோ குழாயை ஒட்டிவைத்திருக்கிறார்' என்று எதிர்த்தவர்கள் கேலி செய்யலாம். குதிரைமேல் மன்னர்ஹெய்மை வார்த்ததைவிட இதில் உடல் உழைப்பு குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு

திறந்துவைத்த ஆண்டு பின்லாந்து விடுதலையின் 50ஆம் ஆண்டு. 'பாசியோ மூசிக்கே' என்ற பெயரில் நின்ற அந்தச் சிற்பத்தின் சிறிய வடிவம் பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்துக்குப் போனது. அதே எண்ணத்தில் ஹில்டுனென் செய்த இன்னொன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையக வளாகத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லப்பட்ட ஒரு பாணி, உலக மன்றங்களில் பின்லாந்தின் அடையாளமாகப் போய் நின்றது. எதிர்த்தவர்கள் அப்போது என்ன நினைத்திருப்பார்களோ! ஹெல்சிங்கியில் இன்றைக்குச் சுற்றுலாப் பேருந்துகள் தவறாமல் நிற்கும் இடம் இது. குழந்தைகள் அடியில் போய்க் கத்திப் பார்க்கிறார்கள், குழாய்கள் எதிரொலிக்கின்றன. வாசிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி இல்லை என்றாலும், காற்று பலமாக இருக்கும் நாளில் அது சும்மா இருப்பதில்லை.

இந்தப் புகழில் ஹில்டுனெனுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த போர் நினைவுச்சின்னங்கள், உருவச்சிலைகள், மற்ற வெல்டிங் சிற்பங்கள் எல்லாம் இந்த ஒன்றின் நிழலில் போய்விட்டன. 2003 அக்டோபர் 10 அன்று, 80 வயதில், ஹெல்சிங்கியில் அவர் இறந்தார். பின்லாந்துக்கு வெளியே இன்றும் பெரும்பாலோருக்குச் சிற்பம் தெரியும், சிற்பியின் பெயர் தெரியாது.

நகரத்தின் பக்கம் என்ன மாறியது என்று பார்க்க 1980க்குப் போகலாம். குடியரசுத் தலைவர் பாசிகிவிக்கு ஹெல்சிங்கியின் மையத்தில் வைத்த சின்னத்தை ஹாரி கிவியார்வி செய்தார். கிழக்கும் மேற்கும் என்ற பெயரில் இரண்டு பெரிய கருங்கற்கள், அவ்வளவுதான். சோவியத் யூனியனோடு நாட்டின் உறவைச் சீர்செய்த தலைவர் அவர். மன்னர்ஹெய்முக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர். இருபது ஆண்டு முன்னால் என்றால் அவரும் மேலங்கியோடு வெண்கலத்தில் நின்றிருப்பார். அந்த இரண்டு கற்களின் பக்கத்தில் பாசிகிவியின் முகம் எங்கும் வைக்கப்படவில்லை.